ஹார்ட் நின்னு திரும்பி வந்தவங்களுக்கு சின்ன ரத்தக்குழாய்ல ஓட்டம் இருக்கான்னு பாக்குறது எப்படி

ஐசியூ டூட்டிக்கு புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். சிபிஆர் குடுத்து ஹார்ட் திரும்ப துடிக்குது, பிபி ஏத்துற மருந்தான நாரட்ரினலின் ஓடுது, சராசரி பிபி 65க்கு மேல நிக்குதுன்னா மானிட்டர் மட்டும் பாத்துட்டு நகந்துடாதீங்க. ஓட்டம் நின்னு மறுபடி பாயும்போது நுண்குழாய்ங்களோட உள்சுவர் வீங்கிக்கும், அதனால பிபி சரியா இருந்தும் திசுவுக்கு ரத்தம் போகாம இருக்கலாம்.

முதல்ல கேப்பிலரி ரீஃபில், அதாவது அழுத்தி விட்ட தோலுக்கு ரத்தம் திரும்பி வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குறது. ஆள்காட்டி விரல் நுனில, ரேகை இருக்குற பக்கம், ஒரு கண்ணாடி ஸ்லைடு வச்சு தோல் வெளுக்குற வரைக்கும் அழுத்தி அப்டியே 10 செகண்ட் புடிங்க, விட்டதும் பழைய நிறம் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு வாட்ச் பாத்து எண்ணுங்க, 3 செகண்டுக்கு மேல போனா சரியில்ல. 2019ல வந்த ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வுல இப்டித்தான் பாத்தாங்க. அது செப்டிக் ஷாக்குக்கு (கிருமித்தொற்று முத்தி பிபி விழுறது) பண்ணது, அதனால அந்த நம்பர அப்டியே இவங்களுக்கு போட்டு மருந்த ஏத்தி எறக்க வேணாம், ஆனா யார் பாத்தாலும் ஒரே மாதிரி வரணும்னா இந்த முறை ரொம்ப நல்லது. சும்மா ஒரு அமுக்கு அமுக்கிட்டு "ரெண்டு செகண்ட்"னு எழுதுறது பேஷன்ட்டுக்கு பண்ற துரோகம்.

உடம்ப 33 டிகிரிக்கு குளிர வச்சிருந்தா தோல் குழாய் தானா சுருங்கும், ரீஃபில் நீளும். ஆர்டீரியல் லைன் (பிபி பாக்க தமனிக்குள்ள விடுற குழாய்) போட்ட கைய விட்டுட்டு அடுத்த கைய பாருங்க, ஒவ்வொரு தடவையும் அதே விரல்.

அடுத்து முட்டி. திட்டுத்திட்டா நிறம் மாறுதான்னு பாத்து 0லருந்து 5 வரைக்கும் ஸ்கோர் போடுவாங்க, முட்டி நடுவுல காசு அளவு இருந்தா 1, தொடை இடுக்கையும் தாண்டி போனா 5. நம்மூர் கருப்பு தோல்ல இது சீக்கிரம் கண்ணுக்கு தெரியாது, அதனால நல்ல வெளிச்சத்துல பாருங்க, முட்டி ஜில்லுனு இருக்கான்னு தொட்டும் பாருங்க.

திசுவுக்கு ஆக்சிஜன் பத்தலன்னா ரத்தத்துல ஏறுற லாக்டேட்டுக்கு டெஸ்ட் திரும்ப திரும்ப அனுப்புங்க, ஆனா சிபிஆர்ல குடுத்த அட்ரினலினே அத ஏத்தும்.

நாக்குக்கு அடில பச்சை வெளிச்ச கேமரா வச்சு ஓட்டத்தையே நேரா பாக்கலாம், கொஞ்சம் அழுத்தினாலே ஓட்டம் நின்ன மாதிரி தெரியும், பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான் யூஸ் பண்றாங்க.

ரீஃபில் எழுதும்போது பக்கத்துலயே மணி, உடம்பு டெம்பரேச்சர், நாரட்ரினலின் டோஸ் மூணையும் எழுதிடுங்க, பிபி மாறாம ரீஃபில் மட்டும் நீண்டுக்கிட்டே போனா அடுத்த ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காம உடனே சீனியர கூப்பிடுங்க.