பிக்டனில் இறங்கி கைகோரா வழியாக: நியூசிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கடலோரப் பயண வழிகாட்டி

வெலிங்டனில் வந்து இறங்கி, ஒன்றிரண்டு வருடம் கழித்து வேலைக்காகக் கிறைஸ்ட்சர்ச்சுக்கு மாறிப் போன குடும்பங்களை நிறைய பார்த்திருக்கிறேன். நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். பழைய கார் ஒன்றில் அரிசி மூட்டை, குக்கர், குழந்தையின் சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஜூலை மாதத்தில் சாயங்காலக் கப்பலைப் பிடித்தோம். தெற்குத் தீவின் துறைமுகமான பிக்டனில் இறங்கும்போது இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது, மழை வேறு. ஒரு ராத்திரி தங்கும் செலவை மிச்சப்படுத்தலாம் என்று நேராக ஓட்டினேன். வளைவுகளில் குழந்தைக்கு வாந்தி வந்தது. எதிரே வந்த லாரி வெளிச்சத்தில் கண் கூசியது. இடது பக்கம் கடல் இருக்கிறது என்பதே வண்டியை நிறுத்தியபோது கேட்ட அலைச் சத்தத்தில்தான் தெரிந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தோம்.

அதே பாதையில் பகலில் போன பிறகுதான் எதை இழந்தோம் என்று புரிந்தது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: கப்பலில் இருந்து இறங்கிய நாளிலேயே கிறைஸ்ட்சர்ச் போய்ச் சேரத் திட்டமிடாதீர்கள். பிக்டனில் இருந்து கிறைஸ்ட்சர்ச் சுமார் 340 கி.மீ. வரைபடம் ஐந்து மணி நேரம் என்று காட்டும். நடுவில் கைகோரா என்ற கடலோர ஊரில் ஒரு இரவை வைத்து இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வடக்குத் தீவையும் தெற்குத் தீவையும் பிரிக்கும் குக் நீரிணையைக் காரோடு கடக்க இன்டர்ஐலாண்டர், புளூபிரிட்ஜ் என்று இரண்டு கப்பல் சேவைகள் இருக்கின்றன. வெலிங்டனில் இருந்து பிக்டன் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆகும். டிசம்பர், ஜனவரி இங்கே கோடைக்காலம், பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். அப்போது கார் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், பல வாரங்கள் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். காலைக் கப்பலாகப் பாருங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பல் தாமதமாகும், சில சமயம் ரத்தாகும். மறுநாள் காலை வேலையில் சேர வேண்டும் என்ற நிலையில் கிளம்பாதீர்கள். வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனம் கப்பலில் ஏற்ற அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் காரை வெலிங்டனில் விட்டுவிட்டு பிக்டனில் வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கிளம்பும் முன் வெலிங்டனில் ஒரு மணி நேரம் இருந்தால் துறைமுகக் கரையிலேயே இருக்கும் டெ பாப்பா அருங்காட்சியகத்தை நினைவில் வையுங்கள். அவர்களுடைய சேகரிப்பில் ஒரு வெண்கலக் கப்பல் மணி இருக்கிறது. அதில் பழைய தமிழ் எழுத்தில், முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் வடக்குத் தீவின் வடபகுதியில் இதைப் பார்த்தபோது, இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு இரும்புப் பானையைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக்கொண்டார். அது எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மணி அந்த நேரத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். நம் எழுத்து நமக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டது என்று குழந்தைகளிடம் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கப்பலில் காரை நிறுத்தியதும் கைபிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, அலாரத்தை அணைத்துவிட்டு மேலே போக வேண்டும். கப்பல் ஓடும்போது கார் தளத்துக்குத் திரும்ப விடமாட்டார்கள். மாத்திரை, குழந்தையின் மாற்றுத் துணி, ஜாக்கெட், சாப்பாடு எல்லாம் ஒரு பையில் முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல் வருபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். ஆட்டம் அங்கே குறைவு. மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறும் முன்பே போட வேண்டும். ஆனால் காரை ஓட்டப் போகிறவர் தூக்கம் வராத மாத்திரையாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கட்டும். கடைசி ஒரு மணி நேரம் கப்பல் குறுகலான வாய் வழியாக நுழைந்து, மலைகளுக்கு நடுவே அமைதியான தண்ணீரில் போகும். அப்போது எவ்வளவு குளிர்ந்தாலும் வெளித்தளத்துக்குப் போய் நில்லுங்கள்.

பிக்டனில் கதவு திறந்ததும் லாரி, கேரவன், கார் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாயும். அத்தனையும் ஒரே சாலையில், ஒரே திசையில் போகும். அந்த வரிசையில் சிக்கினால் அடுத்த பெரிய ஊரான பிளெனம் வரை முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதனால் ஊருக்குள் திரும்பி ஒரு முக்கால் மணி நேரம் நில்லுங்கள். கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே எட்வின் ஃபாக்ஸ் என்ற பழைய மரக்கப்பலின் உடல் கூரைக்குக் கீழே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1853-இல் கல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றங்கரையில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. கிரிமியப் போருக்குப் படைவீரர்களையும், ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளையும், பிறகு நியூசிலாந்துக்குக் குடியேறிகளையும் சுமந்தது. இந்தியாவில் அறுத்த பலகைகள் இங்கே இன்னும் நிற்கின்றன. அதைப் பார்த்து முடிப்பதற்குள் சாலை காலியாகியிருக்கும்.

இனி சாலை. பிளெனம் 28 கி.மீ. அங்கே பெட்ரோலை நிரப்பி, சூப்பர்மார்க்கெட்டில் தயிர், பழம், தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் கைகோரா வரை சுமார் 130 கி.மீ. தூரத்துக்குப் பெரிய ஊர் கிடையாது, கைபேசி சிக்னலும் சில இடங்களில் இருக்காது. வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் வழிக்கடைகளை நம்பாமல் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். புளிசாதம்தான் சரி, சீக்கிரம் கெடாது, காரிலும் சிந்தாது.

பிளெனத்தைத் தாண்டினால் திராட்சைத் தோட்டங்கள். அவை முடிந்து செடன் என்ற சிற்றூரும் கழிந்த பிறகு, இடது பக்கம் தூரத்தில் வெள்ளைக் குவியல்கள் தெரியும். முதல் முறை பார்த்தபோது பனி என்று நினைத்தேன். உப்பு! கிராஸ்மியர் ஏரியில் கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காயவைத்து உப்பெடுக்கிறார்கள். வேதாரண்யத்தையோ தூத்துக்குடியையோ ஆனையிறவையோ பார்த்தவர்களுக்கு வேலையின் முறை சொல்லாமலே புரியும். கோடையில் சில பாத்திகள் ரோஜா நிறத்தில் இருக்கும். உப்பு ஏற ஏற அதில் வளரும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. என் மாமனார் தூத்துக்குடிக்காரர். இங்கே வந்திருந்தபோது காரை நிறுத்தச் சொல்லி, வேலியோரமாக நின்று வெகுநேரம் அந்தக் குவியல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்தும் வெயிலும் சேர்ந்து அடிக்கணும், அப்பதான் உப்பு விளையும்" என்றார். அந்த இடத்தில் இரண்டுமே உண்டு.

வார்ட் என்ற சிற்றூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் சாலை கடலைத் தொடும். கெக்கெரெங்குவில் தொடங்கி கைகோரா வரை ஏறக்குறைய 60 கி.மீ. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல், நடுவில் சாலையும் ரயில் தண்டவாளமும் ஒட்டி ஒட்டிப் போகும். நம் ஊர் போலவே இங்கும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும். அதனால் பிக்டனில் இருந்து தெற்கே வரும்போது கடல் ஓரத் தடம் உங்களுடையது. நிறுத்துமிடங்களில் எதிர்த் தடத்தைக் கடக்காமலே ஒதுங்கலாம். கடல் பக்க இருக்கை ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவருடையது. நாங்கள் கெக்கெரெங்குவில் ஓட்டுநர் மாறிக்கொள்வோம், இருவருக்கும் பாதி பாதிக் கடல் கிடைக்கும்.

கெக்கெரெங்கு கடற்கரை மணல் கிடையாது, சாம்பல் நிறக் கூழாங்கற்கள். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி, சலங்கை மாதிரி ஒரு சத்தம் எழும். அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஆனால் தண்ணீரில் இறங்க வேண்டாம். கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடும், அலை காலை வாரிவிடும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

இந்தச் சாலை இன்று இருக்கும் வடிவத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2016 நவம்பர் 14 நள்ளிரவு தாண்டி 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. மலைச்சரிவுகள் சாலையையும் தண்டவாளத்தையும் மூடிவிட்டன. இருவர் இறந்தார்கள். கைகோரா ஊருக்கு எந்தப் பக்கமும் வழியில்லாமல் போய், அங்கிருந்தவர்களை ஹெலிகாப்டரிலும் கடற்படைக் கப்பலிலும் வெளியே கொண்டுவந்தார்கள். நெடுஞ்சாலை மறுபடி திறக்க 2017 டிசம்பர் ஆகிவிட்டது. வலப்பக்கம் மலையில் இரும்பு வலைகளும் தடுப்புச் சுவர்களும் தெரியும், எல்லாம் அதன் பிறகு வந்தவை. இடப்பக்கம் நீருக்கு மேலே காய்ந்து வெளுத்து நிற்கும் பாறைகள் அன்றைக்கு மேலே எழும்பிய கடலடி. கனமழையில் இன்னும் மண் சரியும். கிளம்பும் நாள் காலையில் நெடுஞ்சாலைத் துறையின் இணையதளத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் லூயிஸ் கணவாய் வழியாகச் சுற்ற வேண்டும், கூடுதல் நேரம் ஆகும்.

ஓஹாவ் முனையில் நிறுத்துமிடம் இருக்கிறது. கண்ணில் படும் முன்பே வாசனை வந்துவிடும், மீன் சந்தையின் சாயங்கால வாடை. கீழே பார்த்தால் பாறை என்று நினைத்தது தலையைத் தூக்கும். நூற்றுக்கணக்கில் கடல்நாய்கள். குட்டிகள் குட்டைகளில் முட்டிமோதி விளையாடும். தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். எங்கே பார்த்தாலும் 20 மீட்டர் தள்ளி நிற்பதுதான் முறை. கடல்நாய்க்கும் கடலுக்கும் நடுவில் போய் நிற்கவே கூடாது, வழி அடைபட்டால் பாய்ந்து கடிக்கும்.

ரகாவ்தாரா பக்கம் சாலையோரத்தில் சிங்கி இறால் விற்கும் சின்ன வண்டிக்கடைகள் வரும். மாவோரி மொழியில் கை என்றால் உணவு, கோரா என்றால் அந்த இறால், ஊர்ப் பெயரே அதுதான். விலை அதிகம்தான், ஆனாலும் அசைவம் சாப்பிடுபவர்கள் பாதி இறாலாவது வாங்கி, பூண்டு வெண்ணெயோடு அங்கேயே மரப்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை. பாறையில் சிப்பியோ பாவா என்ற கடல்நத்தையோ இறாலோ கண்ணில் பட்டது என்று நீங்களாக எடுக்காதீர்கள். எத்தனை, எந்த அளவு, எந்த இடத்தில் என்று சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஓட்டுவதைப் பற்றிச் சில வார்த்தை. பலகையில் 100 என்று இருந்தால் அது உச்ச வரம்பு. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 45 என்று போட்டிருந்தால் 45-க்கு இறங்குங்கள். உங்கள் பக்கம் நடுக்கோடு அறுபடாத மஞ்சளாக இருந்தால் முந்தக் கூடாது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் பதற்றப்பட்டு வேகத்தைக் கூட்டாமல், அடுத்த ஒதுங்கிடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். ஹாரன் அடிக்கும் பழக்கத்தை வெலிங்டனிலேயே விட்டுவிடுங்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அதற்கான இருக்கை கட்டாயம். சொந்தக் காரென்றால் வாரண்டும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) ரெஜோவும் (வாகனப் பதிவு) காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இந்த நாட்டில் கார் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை, அதனால் புதிதாக வந்தவர்கள் பலர் எடுக்காமலே ஓட்டுகிறார்கள். இடித்தால் எதிர்வண்டியின் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்பீடாவது எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், தயவுசெய்து. அவசர உதவிக்கு 111.

இரவு கைகோராவில் தங்குங்கள். கரையில் இருந்து சிறிது தூரத்திலேயே கடலுக்கடியில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால்தான் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வருடம் முழுக்க இங்கே இருக்கின்றன. அவற்றைக் காட்டப் படகில் கூட்டிப்போவது உள்ளூர் மாவோரிச் சமூகத்துக்குச் சொந்தமான நிறுவனம், 1987-இல் தொடங்கியது. காலைப் படகாகப் பதிவு செய்யுங்கள், கடல் பெரும்பாலும் அப்போதுதான் அடங்கியிருக்கும். படகுக்குப் பணமில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். தீபகற்பத்தின் முனையில் கீன் முனை வரை காரில் போகலாம், செலவே கிடையாது. குளிர்காலத்தில் பனி மூடிய மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். அங்கே வண்டியை எடுக்கும் முன் மட்டும் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். கடல்நாய்கள் வாகன நிறுத்தத்துக்கே வந்து, டயருக்குப் பக்கத்தில் தூங்கிக் கிடக்கும்.

மறுநாள் கிளம்பும்போது மறுபடி பெட்ரோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கே ஓவாரோ வரை சுமார் 20 கி.மீ. கடல் கூடவே வரும், அதற்கப்புறம் சாலை மலைக்குள் ஏறிவிடும். கிறைஸ்ட்சர்ச் இரண்டரை மணி நேரத் தூரம். மிச்சமிருக்கும் புளிசாதத்தை ஓவாரோவுக்கு முன்னால் வரும் ஏதாவது ஒரு ஒதுங்கிடத்தில் பிரித்துவிடுங்கள்.