டிபென்டன்சி எரர் வந்தால் பாம் கோப்பைத் தொடாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்

ஜாவா ப்ராஜெக்ட்டைக் கட்டித்தரும் டூலான மேவனில் பில்ட் ஓட்டியதும், ப்ராஜெக்ட்டுக்குத் தேவையான ஏதோ ஒரு ஜார் (ஜாவா லைப்ரரி கோப்பு, அதாவது டிபென்டன்சி) கிடைக்கவில்லை என்று சிவப்பாக வந்து நின்றால், பலரும் நேராக அந்த லைப்ரரிகளின் பட்டியல் இருக்கும் பாம்.எக்ஸ்எம்எல்-ஐத் திறந்து வெர்ஷனை ஏற்றி இறக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதே கோட் பக்கத்து சீட்டில் ஒழுங்காக பில்ட் ஆகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் மெஷின் செட்டிங்கில்தான்.

டெர்மினலில் 'எம்விஎன் -வி' அடியுங்கள். மேவன் எந்த ஜாவாவில் ஓடுகிறது, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதில் வரும். 'ஜாவா -வெர்ஷன்' காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், அது பாத்-தில் (ப்ரோக்ராம்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) முதலில் இருப்பதைக் காட்டும். மேவனோ ஜாவா இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் ஜாவா ஹோம் வேரியபிளைத்தான் பார்க்கும், இரண்டும் வேறு வேறாக இருப்பது சர்வ சாதாரணம்.

இதற்கு நல்ல உதாரணம் டூல்ஸ்.ஜார். பழைய ப்ராஜெக்ட் அதைக் கேட்கும், கிடைக்கவில்லை என்று எரர் வரும், நீங்கள் அதை மேவன் சென்ட்ரலில் (லைப்ரரிகள் இருக்கும் ஆன்லைன் களஞ்சியம்) தேடிக்கொண்டிருப்பீர்கள். அது ஜேடிகே (ஜாவாவில் எழுதுவதற்கான முழு டூல் செட்) 8-உடனேயே வந்த கோப்பு, ஜாவா 9-இல் எடுத்துவிட்டார்கள். ஜாவா ஹோம் 17-ஐயோ ஜாவாவை ஓட்ட மட்டும் உதவும் வெறும் ஜேஆர்இ-யையோ காட்டினால் எப்படிக் கிடைக்கும்? எக்ஸ்எம்எல்-ஐ ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றும் ஜாக்ஸ்பி பேக்கேஜ் இல்லை என்று வந்தாலும் இதே கதைதான், அது ஜாவா 11-இல் போய்விட்டது. ப்ராஜெக்ட் 8-க்கு எழுதியதென்றால் 8-க்கு மாற்றுங்கள். உண்மையிலேயே 11-க்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் பாமில் தனி டிபென்டன்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் ஓடுகிறது, இன்டெல்லிஜே ஐடிஇயில் (கோட் எழுதும் மென்பொருள்) ஓடவில்லையா? அங்கே ப்ராஜெக்ட் எஸ்டிகே, மேவன் ரன்னரின் ஜேஆர்இ, கிரேடில் (மேவன் மாதிரி இன்னொரு பில்ட் டூல்) ஜேவிஎம் என்று எந்த ஜாவா என்பதற்கு எல்லாம் தனித்தனி செட்டிங், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும் என்று நினைக்காதீர்கள். கிரேடில் 'மேஜர் வெர்ஷன் 65' என்று புலம்பினால், அந்த எண் கம்பைல் ஆன கோப்பின் ஜாவா வெர்ஷனைக் குறிக்கும், அது ஜாவா 21. 61 என்றால் 17, 52 என்றால் 8. ஜாவா 21-இல் கிரேடிலை ஓட்ட குறைந்தது கிரேடில் 8.5 வேண்டும்.

ஜாவா சரி, டவுன்லோடுதான் ஆகவில்லை என்றால் நெட்வொர்க்கைப் பாருங்கள். பிரவுசரில் போட்ட ப்ராக்ஸியை (ஆபீஸ் நெட்வொர்க்கில் இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) மேவன் எடுத்துக்கொள்ளாது, .எம்2 ஃபோல்டரில் உள்ள செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்-இல் எழுத வேண்டும். ஒருமுறை தோற்ற டவுன்லோடை மேவன் நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால் ப்ராக்ஸியைச் சரிசெய்த பிறகும் அதே எரர் வரலாம். கமாண்டில் பெரிய எழுத்து '-யு' சேர்த்து ஓட்டுங்கள். பிகேஐஎக்ஸ் எரர் (சர்ட்டிஃபிகேட்டை ஜாவா நம்பவில்லை என்று அர்த்தம்) என்றால் ஆபீஸ் ப்ராக்ஸியின் சர்ட்டிஃபிகேட்டை, ஜேடிகே நம்பும் சர்ட்டிஃபிகேட்டுகள் இருக்கும் சிஏசர்ட்ஸ் கோப்பில் ஏற்ற வேண்டும், புது ஜேடிகே போட்டால் பெரும்பாலும் மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், விண்டோஸில் ஜாவா ஹோமை மாற்றிய பின் டெர்மினலையும் ஐடிஇயையும் மூடித் திறவுங்கள், திறந்தே கிடக்கும் விண்டோவில் பழைய மதிப்புதான் இருக்கும்.