மிரர்லெஸ் கேமரா மாற்றுகிறீர்களா? பேட்டரியையும் வியூஃபைண்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுவது எப்படி

பழைய மிரர்லெஸ்ஸை (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாமென்று இறங்கியவர்களுக்கான பதிவு இது. சென்சார், ஆட்டோஃபோகஸ், லென்ஸ் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்குப் பதிவுகள் நிறையவே கிடைக்கின்றன. நான் கேமரா மாற்றியபோது சரியான விளக்கம் கிடைக்காமல் அலைந்தது இரண்டே கேள்விகளுக்குத்தான். பேட்டரி எவ்வளவு தாங்கும்? வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் துளை, கண்ணுக்கு எப்படி இருக்கும்?

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதீர்கள். கண்ணாடி வைத்த முந்தைய வகையான டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டர் வெறும் கண்ணாடியும் ப்ரிஸமும்தான், மின்சாரம் கேட்காது. நிக்கான் டி850 ஒரே சார்ஜில் 1840 படம் என்று அறிவிக்க முடிந்ததற்கு அது பெரிய காரணம். மிரர்லெஸ்ஸில் அந்த இடத்தில் இருப்பது ஒரு குட்டித் திரை. படமே எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் சென்சார், ப்ராசஸர், திரை மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல வியூஃபைண்டர் கேட்டால் அதன் செலவு பேட்டரிக் கணக்கில்தான் ஏறும்.

படி 1: முதலில் உங்கள் பழக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்

கண்ணில் வைத்து எடுப்பவரா, பின்திரையைப் பார்த்து எடுப்பவரா? ஒவ்வொன்றாக நிதானமாக எடுப்பவரா, பட்டனை அழுத்திப் பிடித்துப் படபடவென்று தொடர்ந்து எடுப்பவரா (பர்ஸ்ட் அடிப்பவரா)? வீடியோ உண்டா? மூக்குக்கண்ணாடி போடுவீர்களா? நான்கே கேள்விகள். பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

படி 2: "இத்தனை படம்" என்ற எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கேமரா நிறுவனங்கள் சொல்லும் பேட்டரி எண் பெரும்பாலும் சிபா என்ற ஜப்பானியத் தொழில் அமைப்பின் சோதனை முறைப்படி எடுக்கப்பட்டது. அந்த முறையில் 30 நொடிக்கு ஒரு படம் எடுப்பார்கள். உள்ளேயே ஃப்ளாஷ் இருந்தால் ஒன்று விட்டு ஒரு படத்துக்கு அது அடிக்கும். பத்துப் படத்துக்கு ஒருமுறை கேமராவை அணைத்துப் போடுவார்கள். நாம் யாரும் இப்படிப் படம் எடுப்பதில்லை. ஆனாலும் எல்லாக் கேமராவுக்கும் ஒரே அளவுகோல் என்பதால் ஒப்பிட உதவும்.

பலர் கவனிக்காத விஷயம், இந்த எண் பல கேமராக்களுக்கு இரண்டாக இருக்கும். பின்திரைக்கு ஒன்று, வியூஃபைண்டருக்கு ஒன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பின்திரை எண், ஏனென்றால் அதுதான் பெரியது. சோனி ஏ7 மார்க் 3 பின்திரையில் 710 படம், வியூஃபைண்டரில் 610. கண்ணில் வைத்து எடுப்பவர் 610 என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது இந்த மூன்று சோனிக் கேமராக்களையும் வரிசையாகப் பாருங்கள். மூன்றிலும் இருப்பது ஒரே என்பி-எஃப்இசட்100 பேட்டரி, எண்கள் எல்லாம் வியூஃபைண்டர் எண்கள்.

ஏ7 மார்க் 3: 23.6 லட்சம் புள்ளி வியூஃபைண்டர், 610 படம்.
ஏ7 மார்க் 4: 36.8 லட்சம் புள்ளி, 520 படம்.
ஏ7ஆர் மார்க் 5: 94.4 லட்சம் புள்ளி, 440 படம்.

குறைவதற்கு வியூஃபைண்டர் மட்டும் காரணமில்லை, ப்ராசஸரும் சென்சாரும் மாறியிருக்கின்றன. ஆனால் "புது மாடல் என்றால் பேட்டரி கூடத்தான் தாங்கும்" என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி வரிசையிலும் இதே கதைதான். ஏ6600-இல் வியூஃபைண்டர் வழியே 720 படம், அதற்குப் பின் வந்த ஏ6700-இல் அதே பேட்டரியோடு 550.

ஒரு சின்னக் கணக்கு எனக்கு மிகவும் உதவியது. 30 நொடிக்கு ஒரு படம் என்பதால், அந்த எண்ணைப் பாதியாக்கினால் கேமரா விழித்திருக்கும் நிமிடங்கள் தோராயமாகக் கிடைக்கும். 520 என்றால் 260 நிமிடம், நான்கேகால் மணி நேரம். பறவைக்காகக் கண்ணை எடுக்காமல் காத்திருப்பவருக்குப் படக் கணக்கு பயன்படாது, இந்த நிமிடக் கணக்குதான் பொருந்தும். பர்ஸ்ட் அடிப்பவருக்கோ நேர்மாறு. ஒரே நொடியில் பத்துப் படம் போய்விடும் என்பதால் 520 என்று போட்ட கேமராவில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்.

படி 3: பேட்டரியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-ஹவர்) எண்ணை விட வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். சோனியின் பழைய என்பி-எஃப்டபிள்யூ50 சுமார் 7.3 வாட்-ஹவர், எஃப்இசட்100 16.4. இரண்டு மடங்குக்கும் மேல். ஃபியூஜியில் இதே தாவல் 2020-இல் எக்ஸ்-டி4 வந்தபோது நடந்தது: என்பி-டபிள்யூ126எஸ் 1260 எம்ஏஹெச், புதிய டபிள்யூ235 2200 எம்ஏஹெச். சின்ன பேட்டரியிலிருந்து பெரிய பேட்டரிக்குத் தாவும் இந்த மாதிரி மாற்றம் உங்களுக்கு வாய்த்தால், பேட்டரிக் கவலை பாதி தீர்ந்தது.

பழைய பேட்டரிகளைப் புதுக் கேமராவில் போடலாமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உருவம் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடாது. நிக்கானில் இஎன்-இஎல்15 குடும்பம் முழுவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் இசட் வரிசைக் கேமராவுக்குள் வைத்தே யூஎஸ்பியில் சார்ஜ் செய்ய 15பி அல்லது 15சி வேண்டும், பழைய 15, 15ஏ ஏறாது. கேனான் ஆர்5 மார்க் 2-க்கு வந்த எல்பி-இ6பி, முந்தைய இ6என்ஹெச் அளவே 2130 எம்ஏஹெச்தான். இருந்தும் பழையதைப் போட்டால் அந்தக் கேமராவில் சில வசதிகள் முடங்கும், ஏனென்றால் புதுக் கேமரா கூடுதல் மின்னோட்டம் கேட்கிறது.

வேறு கம்பெனி பேட்டரிகள் பற்றி என் கருத்து: ஒன்றாவது அசல் இருக்கட்டும். மலிவானவற்றில் மேலே அச்சடித்த எம்ஏஹெச்சை நம்ப முடிவதில்லை. சதவீதத்தைச் சரியாகக் காட்டாமல் 40-லிருந்து திடீரென்று அணைந்துபோகும். அதைவிட மோசம், உப்பிப்போனால் கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். லேசாக உப்பல் தெரிந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

படி 4: வியூஃபைண்டரின் அளவு (நிதானமாகப் படியுங்கள்)

எனக்குப் புரிய அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

விவரப் பட்டியலில் "உருப்பெருக்கம்" என்று ஓர் எண் இருக்கும். சோனி ஏ6700-க்கு 1.07. ஃபியூஜி எக்ஸ்-டி5-க்கு 0.8. இரண்டும் ஏபிஎஸ்-சி கேமராதான். பார்த்தவுடன் சோனிதான் பெரியது என்று தோன்றும். உண்மையில் எக்ஸ்-டி5 வியூஃபைண்டர்தான் பெரியது.

எப்படி? உருப்பெருக்கத்தை 50 மிமீ லென்ஸ் மாட்டி அளப்பார்கள். ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மிமீ லென்ஸ் குறுகிய காட்சியைத்தான் காட்டும். அந்தக் குறுகிய காட்சி திரை முழுக்க நிரம்புவதால் பொருள் பெரிதாகத் தெரியும், எண்ணும் ஏறிவிடும். திரை பெரிதானதால் வந்த எண் அல்ல அது. சிலர் இந்த எண்ணை அப்படியே போடுகிறார்கள், சிலர் ஃபுல் ஃப்ரேமுக்கு (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) மாற்றிப் போடுகிறார்கள். ஃபியூஜி போட்டிருப்பது மாற்றிய எண்.

ஆகவே ஒப்பிடும் முன் இதைச் செய்யுங்கள்:

எண் மாற்றப்படாதது என்றால் க்ராப் எண்ணால் (ஃபுல் ஃப்ரேமை விட சென்சார் எத்தனை மடங்கு சிறியது என்ற எண்) வகுங்கள். சோனி, நிக்கான் ஏபிஎஸ்-சிக்கு 1.5. கேனான் ஏபிஎஸ்-சிக்கு 1.6. அதைவிடச் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. ஃபுல் ஃப்ரேமுக்கு வகுக்க வேண்டாம்.

ஏ6700: 1.07-ஐ 1.5-ஆல் வகுத்தால் 0.71. கேனான் ஆர்7: 1.15-ஐ 1.6-ஆல் வகுத்தால் 0.72. கேனான் ஆர்10: 0.95-ஐ வகுத்தால் 0.59. இப்போது எக்ஸ்-டி5-இன் 0.8 பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வரிசை தலைகீழாகிவிடும்.

மாற்றிய எண்ணா, மாற்றாத எண்ணா என்று தெரியவில்லையா? ஏபிஎஸ்-சி கேமராவில் 0.9-க்கு மேல் இருந்தால் மாற்றாதது என்றே எடுத்துக்கொள்ளலாம். அடிக்குறிப்பில் "35 மிமீ சமானம்" என்று இருந்தால் மாற்றியது.

ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் வியூஃபைண்டர் தானாகவே பெரிதாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சோனி ஏ7சி ஃபுல் ஃப்ரேம்தான், வியூஃபைண்டர் 0.59. ஏ7 மார்க் 4-இல் 0.78. எண்ணில் வித்தியாசம் கொஞ்சம்போலத் தெரிந்தாலும் பரப்பளவில் ஒன்றே முக்கால் மடங்கு. உடல் சின்னதாக வேண்டுமென்று ஏ7சி வகைக்குப் போகிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: ஐ-பாயின்ட். கண் எவ்வளவு தூரம்வரை தள்ளி இருந்தால் நான்கு மூலையும் தெரியும் என்பதைச் சொல்வது இது. உருப்பெருக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஐ-பாயின்ட் குறைவென்றால் மூலைகள் வெட்டுப்படும், ஓரத்தில் இருக்கும் ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் கண்ணில் படாது. 20 மிமீக்குக் கீழே இருந்தால் நான் தொடமாட்டேன். எதிலிருந்து அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். சில கேமராக்களில் உள்ளே இருக்கும் லென்ஸிலிருந்து 23 மிமீ என்பது வெளிச் சட்டத்திலிருந்து அளந்தால் 18.5 மிமீதான்.

படி 5: புள்ளிகளும் வேகமும்

புள்ளி என்பது பிக்ஸல் அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளி சேர்ந்தால்தான் ஒரு பிக்ஸல். 23.6 லட்சம் புள்ளி என்றால் 1024-க்கு 768 திரை. 36.8 லட்சம் என்றால் 1280-க்கு 960. 57.6 லட்சம் என்றால் 1600-க்கு 1200. 23.6 லட்சத்திலிருந்து 36.8 லட்சத்துக்குப் போனாலே கண்ணுக்கு நன்றாகத் தெரியும், மேனுவல் ஃபோகஸ் செய்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதற்கு மேல் போவது வேலையைப் பொறுத்தது. புள்ளியும் அளவும் சேர்ந்தே வளர வேண்டும். பெரிய உருப்பெருக்கத்தில் குறைந்த புள்ளி இருந்தால் எழுத்து ஓரமெல்லாம் சொரசொரப்பாகத் தெரியும்.

புதுப்பிப்பு வேகம் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 முறை) அன்றாடத்துக்குப் போதும். ஓடும் பிள்ளைகள், விளையாட்டு, பறவை என்றால் 120. ஆனால் பல கேமராக்களில் 120 போட்டதும் வியூஃபைண்டரின் தெளிவு இறங்கும், பேட்டரியும் வேகமாகக் கரையும். அதை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

படி 6: கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதல் வேலை, வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் டயாப்டர் சக்கரத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்குப் பொருத்துவது. காட்சியைப் பார்த்துத் திருப்பாதீர்கள், லென்ஸ் ஃபோகஸ் ஆகாமல் இருந்தால் ஏமாந்துபோவீர்கள். மெனுவைத் திறந்து எழுத்து கூர்மையாகும்வரை திருப்புங்கள். இது செய்யாமல் "வியூஃபைண்டர் மங்கல்" என்று நல்ல கேமராவை ஒதுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு கேமராவைப் பக்கவாட்டில் சட்டென்று திருப்பிப் பாருங்கள், காட்சி இழுபடுகிறதா? இருட்டான மூலையைக் காட்டிப் பாருங்கள், புள்ளி புள்ளியாக இரைச்சல் எவ்வளவு? பர்ஸ்ட் அடித்துப் பாருங்கள், நடுவில் திரை கறுக்கிறதா?

படி 7: வாங்கிய அன்றே மாற்ற வேண்டிய அமைப்புகள்

ஐ-சென்சார்தான் முதல் எதிரி. கேமரா கழுத்தில் தொங்கும்போது வியூஃபைண்டர் சட்டை மேல் உரசும். கண் வந்துவிட்டது என்று சென்சார் நினைத்துத் திரையைப் போடும், நீங்கள் நடக்க நடக்க அது விழித்துக்கொண்டே இருக்கும். நடக்கும்போது அணைத்துவிடுவதே என் வழக்கம். புதுக் கேமராக்கள் நொடியில் எழுந்துவிடுகின்றன.

தானாக உறங்கும் நேரத்தை ஒரு நிமிடமாக்குங்கள். ஷட்டரைத் தொடாமலே ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும் ப்ரீ-ஏஎஃப் வசதியை அணையுங்கள். போனோடு இணைக்காத நேரத்தில் ஏரோப்ளேன் மோடு. சில மாடல்களில் கேமராவை அணைத்த பிறகும் ப்ளூடூத் விழித்திருக்கும், இரண்டு நாள் பையில் கிடந்த கேமராவில் பேட்டரி குறைந்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

பவர் பேங்க் பற்றி: யூஎஸ்பி-சி துளை இருந்தால் மட்டும் போதாது. கேமரா ஓடும்போதே மின்சாரம் எடுக்குமா, அணைத்தால்தான் சார்ஜ் ஏறுமா, பவர் டெலிவரி (அதிக மின்சாரம் தரும் யூஎஸ்பி முறை) கேட்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். கேமராவின் அடியில் மாட்டும் பேட்டரி க்ரிப்பை விட இரட்டைச் சார்ஜரும் ஒரு கூடுதல் பேட்டரியும்தான் என் தேர்வு. எடையும் குறைவு, கேமராவின் பிடியும் மாறாது. விமானத்தில் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை மூடி போட்டு.

பின்சேர்க்கை 1: ஸ்டுடியோ ஃப்ளாஷோடு எடுக்கும்போது வியூஃபைண்டர் கும்மிருட்டாக இருக்கிறது, பழுதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பழுதில்லை. ஃப்ளாஷ் இல்லாமல் உங்கள் அமைப்பில் படம் எப்படி வருமோ அதை அப்படியே காட்டுகிறது. சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளேயில் செட்டிங் எஃபெக்ட் ஆஃப், கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் ஆஃப். வேறு பிராண்டுகளிலும் இதே வசதி வேறு பெயரில் இருக்கும்.

பின்சேர்க்கை 2: வியூஃபைண்டருக்குள் அழியாத கறை விழுந்ததாக இன்னொருவர் எழுதினார். வியூஃபைண்டரில் இருப்பது பூதக்கண்ணாடி மாதிரியான லென்ஸ். அதன் வழியே நேர் வெயில் விழுந்தால் உள்ளே இருக்கும் திரையில் ஒரே இடத்தில் குவிந்து சுட்டுவிடும். மேசையிலோ ட்ரைபாடிலோ வைக்கும்போது வியூஃபைண்டர் சூரியனைப் பார்க்காதபடி திருப்பி வையுங்கள், இல்லையென்றால் மேலே ஒரு துணியைப் போட்டுவிடுங்கள்.