கெட்ட சேதி முதலில் உங்களிடம் வரவேண்டும்

பாலாற்றுப் பக்கம் ஒரு பாலத்துக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். மே மாதம், அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாதித் தளத்தில் கான்கிரீட் பம்ப் நின்றுவிட்டது. வரிசையில் மூன்று மிக்சர் லாரிகள். கலந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டிய சரக்கு. அந்தச் சூட்டில் அதுவும் தாங்காது. போட்டது இறுகிப்போய், மேலே போட்டது அதோடு ஒட்டவில்லை. கொத்தி எடுத்து மறுபடி போட ஒன்பது நாள் ஆனது.

சாயங்காலம் மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "காலையிலிருந்தே பம்பு திக்கிகினு இருந்துச்சு சார். சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல."

முந்தின வாரம், ஷட்டரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு, தாமதமாகும் என்று சொன்ன பையனை எல்லார் முன்னாலும் கிழித்திருந்தேன். பம்ப் நின்றதற்குக் காரணம் பம்ப் மட்டும் இல்லை.

முதன்முறையாகப் பெரிய வேலை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்கிறவர்கள் அட்டவணை போடுவதில்தான் மூழ்குவார்கள். அது வேண்டும்தான். ஆனால் முதல் வாரமே செய்ய வேண்டியது வேறு. காலை 7 மணிக்கு டீயோடு எல்லா மேஸ்திரிகளையும் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். "எல்லாம் சரியா?" என்று கேட்காதீர்கள், "சரி சார்" என்பதைத் தவிர எதுவும் வராது. "இன்று எது நிற்கும்?" என்று கேளுங்கள். நாலைந்து நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் ஒருவர் வாய் திறக்கும்போது உங்கள் முகத்தைத்தான் மற்ற எல்லாரும் பார்ப்பார்கள். "ஏன் நேற்றே சொல்லவில்லை?" என்று கேட்டால் அன்றோடு முடிந்தது. "என்ன வேண்டும்?" என்று கேட்டு, மதியத்துக்குள் அதைச் செய்து காட்டுங்கள்.

ஒப்பந்த வேலைகளில் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. வேலை எதனால் நின்றது, எந்தத் தேதியில் நின்றது, எப்போது தீர்ந்தது என்று எழுதி, வேலை கொடுத்தவர், எடுத்தவர் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுவது. பல இடங்களில் கால நீட்டிப்பு கேட்கும்போதுதான் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவார்கள். அதில் பாதி கதை. அன்றன்று மாலையே எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே காரணம் ஆறேழு இடத்தில் தலைகாட்டும். உங்கள் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காரணம் பெரும்பாலும் வேலை ஒரு தரப்பிலிருந்து இன்னொரு தரப்புக்குக் கைமாறும் இடத்தில் இருக்கும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் காவிரித் தண்ணீர் போனது நினைவிருக்கும். 50 வேகன், ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர். தண்ணீர் தருவது ஒரு துறை, ஓட்டிப்போவது ரயில்வே, இறக்கி ஊருக்குக் கொடுப்பது இன்னொரு வாரியம். இப்படி மூன்று தரப்பு சேரும் வேலையில் வேகன் நடுவழியில் தகராறு செய்வது குறைவு. குழாயும் வேகனும் சேரும் இடத்தில்தான் தகராறு. ஊருக்குள் பாதாளச் சாக்கடை தோண்டினாலும் இதே கதைதான்: குடிநீர்க் குழாய், மின் கேபிள், தொலைபேசி கேபிள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். இப்படிக் கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் உங்கள் தரப்பில் ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். குழுவை வேண்டாம். பொக்லைன் இறங்கும் முன் கையால் சோதனைக் குழி தோண்டுவதும் அவர் பொறுப்பு. வரைபடத்தை நம்பிக் கேபிளை அறுத்தவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம், வேலையை நிறுத்தும் அதிகாரம். ராத்திரி ஷிஃப்டில் இருப்பவர் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்காமலே நிறுத்த முடிய வேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், எழுதிக் கொடுங்கள். தப்பாக நிறுத்தினாலும் முதல் தடவை ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு இந்தப் பக்கம் ஆள் நிற்காது. அட்டவணையில் முன்பே போட்டுவிடுங்கள். ஒரு வருடம் நானும் அந்தச் சாக்கில் வள்ளிமலைக்குப் போய் இரண்டு நாள் சைட்டை விட்டு விலகி இருந்தேன். நான்கு போன் வந்தது. இரண்டு கம்பி அளவு, ஒன்று டீசல், ஒன்று லாரி வாடகை. நான்கையும் யார் முடிவு செய்ய வேண்டும் என்று திரும்பி வந்த அன்றே பெயர் போட்டு எழுதி ஷெட் கதவில் ஒட்டினேன்.