சாரணியர் கிளைகளை மறுசீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 நவம்பர் 28 அன்று பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு, 1989இல், வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. ஆட்சி எல்லை மாறும்போதெல்லாம் அமைப்புகளும் தம் கிளைகளை மாற்றியமைக்க முனைவது இயல்பே. ஆனால் சாரணியர் இயக்கம் போன்ற, பெண்பிள்ளைகளுக்கான அமைப்புகளில் இதை அவசரமாகச் செய்தால், பதிவேட்டில் கிளைகள் கூடும். சனிக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளைகள் குறைவார்கள்.

முதல் தவறு, வருவாய்த்துறை வரைபடத்தையே கிளையின் எல்லையாக எடுத்துக்கொள்வது. பேர்ணாம்பட்டு இன்று வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆம்பூர் திருப்பத்தூரில். இரண்டும் தோல் தொழில் ஊர்கள்; பேர்ணாம்பட்டுப் பிள்ளைக்கு வேலூரை விட ஆம்பூர்தான் பக்கம். சோளிங்கரில் ரயில் நிலையம் இருக்கிறதே என்று நம்பிப் பயிற்சி முகாமுக்கு நேரம் குறித்தால், அந்த நிலையம் ஊருக்கு வெகுதொலைவில் பாணாவரத்தில் இருப்பது அன்று காலையில்தான் தெரியவரும். எல்லைக் கோடு போடுகிறவர் ஒரு முறையாவது அந்த வழியில் பேருந்து ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேருந்து என்றதும் இன்னொன்று: 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான் பெண்களுக்குப் பயணச்சீட்டு இலவசம், புறநகர், விரைவுப் பேருந்துகளில் காசு கொடுக்க வேண்டும். ஆகவே கூட்டம் நடக்கும் பள்ளிக்கு நகரப் பேருந்து போகிறதா, இருட்டுவதற்குள் திரும்பும் வண்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும். அணைக்கட்டு வட்டத்தின் பீஞ்சமந்தை போன்ற மலைக்கிராமங்களைச் சமவெளிக் கிளையோடு சேர்த்துவிட்டு, அங்கிருந்து யாரும் வரவில்லை என்று குறைபடுவது நியாயமாகாது. பயிற்சியாளர்தான் மலையேற வேண்டும்.

இரண்டு படைகளை, அதாவது பல அணிகள் சேர்ந்த குழுக்களை, இணைக்கும்போது பெரியவர்களின் பொறுப்புகளைப் பற்றியே பேச்சு நீள்கிறது. ஆனால் இயக்கத்தின் உயிர் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியில் இருக்கிறது. அணிகளைக் கலைத்துப் புதிதாகப் பிரித்தால், பதின்மூன்று வயதில் அணித் தலைவியாகப் பொறுப்பேற்ற பிள்ளை எவ்விதக் காரணமும் சொல்லாமலேயே விலகிப் போய்விடுவாள். அணிகளை அப்படியே வைத்துக்கொண்டு படைகளை மட்டும் இணைப்பது நல்லது.

பதிவேடுகளில் காட்டும் அலட்சியமும் பெரிய இழப்பைத் தரும். தொடக்கநிலைத் தேர்ச்சியான பிரதம சோபான் முதல் மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் வரை ஒவ்வொரு படியும் முந்தைய படியின் தேர்ச்சியைச் சார்ந்தது. பழைய கிளையின் ஏடு ஒரு பீரோவிலும், பிள்ளை வேறு மாவட்டத்திலுமாக இருந்தால், அவள் விருதுக்கான தகுதியை நிரூபிக்க முடியாமல் போகும். ஆகவே எல்லை மாறும் நாளுக்கு முன்பே ஒவ்வொருவரின் பதிவையும் நகலெடுத்து, பொறுப்பாசிரியை கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். சேமிப்புக் கணக்கு, கூடாரங்கள், கொடி ஆகியவற்றின் பங்கீட்டையும் அன்றே எழுத்தில் முடித்துவிடலாம்.

காலமும் முக்கியம். கல்வியாண்டின் நடுவில் மாற்றினால் பிள்ளைகள் எந்தக் கிளையில் சாரணியர் தேர்வு எழுதுவது என்ற குழப்பம் வரும், மார்ச்சில் பள்ளிப் பொதுத்தேர்வும் குறுக்கிடும். ஜூன் மாதமே உகந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் ரம்ஜான் நோன்பு நாள்களையும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தையும் கணக்கில் கொண்டு, பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேசிவிட்டே புதிய அட்டவணையை அறிவிக்க வேண்டும்.