ஐயா காலத்து காரைப் பந்தயத்துக்கு இறக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பெரிய வீட்டு கார் ஷெட்டுகள் திறக்கும்போதெல்லாம் ஒரே காட்சிதான். ஐயா ஓட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தள்ளி வெளியே நிறுத்துவார்கள், பேட்டரி மாட்டுவார்கள், இன்ஜின் உறுமும், அடுத்த மாதமே பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிடுவார்கள். ஆயில் மாற்று, பிளக்கைத் துடை என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

"பட்டன் அப்படியே இருக்குண்ணே"

எரிச்சலூட்டும் பேச்சு இதுதான். ஷெட்டில் நின்ற டயரில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடு, தேயாது, ஓடினால்தானே தேயும்? ரப்பருக்கோ நின்றாலும் வயது ஏறும். தகரக் கூரைக்கு அடியில் காரைக்குடி சித்திரை வெயிலை வருடக்கணக்கில் வாங்கிய டயர் உள்ளுக்குள் இறுகி, அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஒட்டு விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சைடில் கட்டைவிரலை அழுத்தி, ரிம் ஓரம் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். வெடிப்பே இல்லாவிட்டாலும் தேதியைப் பாருங்கள். சைடில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண் 2314 என்றால், 2014-இன் 23-ஆவது வாரம் செய்தது. கடைசியில் மூன்றே எண் என்றால் 2000-க்கு முந்தியது. ஆறு வருடம் தாண்டியதைப் பந்தயத்துக்குப் போடாதீர்கள்.

ஊருக்குள் 40-இல் ஓட்டி, "ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். 120 கி.மீ. வேகத்தில், இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் சைடு மடங்கி நிமிரும். சூடு ஏறிக்கொண்டே போகும். காற்று குறைந்திருந்தால் மடிப்பு கூடும், சூடும் கூடும்.

இத்தாலியின் மில்லே மிலியா, பிரெஷ்ஷாவில் கிளம்பி ரோம் வரை போய்த் திரும்பும் சுமார் 1,600 கி.மீ. பொதுச்சாலைப் பந்தயம். 1957 மே 12 அன்று, முடிவுக்குச் சற்று முன்னால், குயிதிட்சோலோ அருகே நேர்ச்சாலையில் பந்தய ஓட்டுநர் அல்ஃபோன்சோ டி போர்ட்டாகோவின் ஃபெராரிக்கு டயர் வெடித்தது. அவரும், கூட இருந்த எட்மண்ட் நெல்சனும், வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தப் பழைய வடிவப் பந்தயம் அத்தோடு நின்றது. அத்தனைக்கும் அது புது கார், தேர்ந்த கை.

நாலு டயரையும் ஒரே அளவில், ஒரே வகையில் மாற்றுங்கள். முன்னால் ரேடியல் (உள்ளே இழை நேர்குறுக்காக ஓடுவது), பின்னால் பழைய கிராஸ்-பிளை (இழை சாய்வாகப் பின்னியது) என்று கலந்தால் வளைவில் பின்பக்கம் முதலில் வழுக்கும். டியூபும் ரிம் டேப்பும் புதிதாக இருக்கட்டும். கம்பி வீலில் ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள்; ‘மொத்’ என்று கேட்பது தளர்ந்த கம்பி.

பழைய பெட்ரோல்

வடித்துக் கொட்டுங்கள்.

பழைய ஓஸ்

இன்றைய பெட்ரோலில் 20% வரை எத்தனால். பெட்ரோல் போகும் அந்தக் காலத்து ரப்பர் குழாய் ஊறிக் கசியும். எத்தனால் தாங்கும் ஓஸ் போடுங்கள்.

பிரேக் ஆயில்

அது ஈரத்தை உறிஞ்சும். பிரேக் டிரம் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் தரைக்குப் போகும். ஆயிலோடு சக்கரத்துப் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பையும் மாற்றுங்கள்.

காது வைத்த நடு நட்டு

பழைய எம்ஜி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) போன்ற வண்டிகளில் சக்கரத்தைப் பிடிப்பது நடுவிலுள்ள இந்த ஒற்றை நட்டுதான். வலப்பக்க நட்டுக்கு இடமரை (இடப்புறம் திருப்பினால் இறுகும்), இடப்பக்கத்துக்கு வழக்கமான வலமரை. இரு பக்கமும் மேல் காதை வண்டியின் முன்னோக்கித் திருப்பினால் கழலும், பின்னோக்கித் திருப்பினால் இறுகும். ஹப்பை (சக்கரம் உட்காரும் மரையுள்ள குடத்தை) பக்கம் மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தானே கழலும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், செம்புச் சுத்தியலால் தட்டுங்கள். முதல் 15 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, மறுபடி ஒரு தட்டு.