இமிகிரேஷன் முடித்து அடுத்த விமானத்தைப் பிடிக்க

"நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது, போதுமா?" என்று யாராவது டிக்கெட்டைக் காட்டிக் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள்தான். முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்கள்? பெட்டி எதுவரை போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் போதும் என்றோ போதாது என்றோ சொல்ல முடியாது.

ஒரு பெரிய அமெரிக்க விமான நிலையத்தில், இணைப்பு விமானம் தவறியவர்களுக்கு வேறு விமானம் போட்டுக் கொடுக்கும் கவுன்டரில் சில வருஷம் வேலை பார்த்தேன். மூச்சு வாங்க வந்து நிற்பவர்கள் எல்லோரும் ஓடி வந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு நேரம் போனது ஓட்டத்தில் இல்லை, நின்ற இடங்களில்: இமிகிரேஷன் வரிசை, பெட்டி வரும் பெல்ட், மறுபடியும் ஒரு செக்யூரிட்டி. இந்த மூன்றில் எத்தனை உங்கள் வழியில் குறுக்கிடும் என்பது டிக்கெட் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எந்த நாட்டில் என்ன நடக்கும்

துபாய், தோஹா, சிங்கப்பூர் வழியாக வேறொரு நாட்டுக்குப் போகிறீர்கள், எல்லாம் ஒரே டிக்கெட் என்றால், நடுவில் இமிகிரேஷனே இல்லை. ஒரு செக்யூரிட்டி, அப்புறம் நேராக கேட். இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளில், முதலில் எங்கே கால் வைக்கிறீர்களோ அங்கேதான் இமிகிரேஷன். பிராங்பர்ட் வழியாக ரோம் போகிறவருக்குப் பாஸ்போர்ட் சோதனை பிராங்பர்ட்டில், பெட்டியும் சுங்கமும் ரோமில். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டியை நடுவில் எடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு செக்யூரிட்டியும் பெரும்பாலும் இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை வந்திருக்கிறது. குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவரின் முகப் படமும் கைரேகையும் பதிவாகின்றன. முதல் தடவை பதிகிறவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காதான் கடினம். அங்கே டிரான்சிட் பயணிகளுக்கென்று தனிப் பகுதி கிடையாது. ஹூஸ்டனில் இறங்கி அடுத்த விமானத்தில் மெக்சிகோ போகிறவரும் முறைப்படி அமெரிக்காவுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். விசா, இமிகிரேஷன், பெட்டி, சுங்கம், மறுபடி பெட்டியைப் போடுவது, செக்யூரிட்டி என்று பெரும்பாலும் ஒன்றும் பாக்கி இருக்காது. விதிவிலக்கு, கிளம்பும் ஊரிலேயே அமெரிக்க அதிகாரிகள் சோதனை செய்து அனுப்பும் இடங்கள். அபுதாபி, டப்ளின், டொராண்டோ போன்றவை அந்த வகை. அங்கிருந்து போனால் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி நடந்துவிடலாம். ஆனால் வரிசை மறைந்துவிடவில்லை, முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அபுதாபியில் விமானம் மாறுகிறவர்கள் அந்த நேரத்தை அங்கே ஒதுக்க வேண்டும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஒரே டிக்கெட்டாக விற்கும்போது, அந்த விமான நிலையத்துக்கான குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்குக் கீழே போகமாட்டார்கள். பிராங்பர்ட்டில் அது 45 நிமிடம். "அவர்களே விற்கிறார்களே, அப்போது முடியும்தானே" என்று பலரும் நினைக்கிறார்கள். முடியும். முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து, வரிசையில் கூட்டமில்லாமல், நீங்கள் வழி தவறாமல் இருந்தால்.

அமெரிக்காவுக்கு நான் போடும் கணக்கு இப்படி. டிக்கெட்டில் இருக்கும் வருகை நேரம், விமானம் கேட்டில் வந்து நிற்கும் நேரம். பின்வரிசையிலிருந்து நீங்கள் வெளியே வர 15 நிமிடம். இமிகிரேஷன் மண்டபம் வரை நடை 10. வரிசை 45. பெட்டியும் சுங்கமும் 10. பெட்டியைத் திரும்பப் போட 5. டெர்மினல் மாற 10. செக்யூரிட்டி 20. ஆக 115 நிமிடம். அடுத்த விமானத்தின் கதவு புறப்படும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே மூடும். மொத்தம் 130. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இரண்டு மணி நேரம் போதவில்லை, பாருங்கள். அதனால் அமெரிக்காவில் மூன்று மணிக்குக் குறைவாக நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஷெங்கனில் பெட்டி வேலை இல்லாததால் இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் போதும்.

தனித்தனி டிக்கெட் வாங்கி ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. அந்த டிக்கெட்டில் அதற்குப் பிறகு இருக்கும் பயணங்களும், திரும்பி வருவது உட்பட, ரத்தாகலாம். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்டரோ கேட்டுக்கு வெகு முன்பே மூடிவிடும். தனி டிக்கெட்தான் என்றால் நடுவில் ஒரு இரவு தங்கிவிடுங்கள்.

இன்னொன்று, எந்த விமான நிலையம் என்று பாருங்கள். நியூயார்க் என்றால் ஜே.எஃப்.கே, நுவார்க், லகார்டியா மூன்றும் வரும். லண்டனில் ஹீத்ரோவும் கேட்விக்கும், டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் ஊரில், விமானத்தில்

செக்-இன் கவுன்டரில் இரண்டு போர்டிங் பாஸையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ஒட்டும் பட்டையில் எந்த ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறது என்று நீங்களே படியுங்கள். உங்களிடம் தரும் துண்டைப் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இங்கேதான் அமெரிக்கா போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பட்டையில் கடைசி ஊரின் குறிதான் இருக்கும். கவுன்டரில் இருப்பவரும் "கடைசி வரை போட்டுவிட்டேன்" என்பார். இரண்டும் உண்மை. இருந்தாலும் பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை நீங்களே எடுத்து, சுங்கம் வழியாகக் கொண்டுபோய், திரும்பப் போட வேண்டும். ஒரு பெரியவர் அந்தத் துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கு, படிம்மா" என்று கோபமாகச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் படித்ததில் தப்பில்லை. பெட்டி மட்டும் முந்தைய மண்டபத்திலேயே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நேரம் உண்மையிலேயே குறைவு என்றால், கைப்பெட்டியோடு மட்டும் போவதைப் போல உதவும் தந்திரம் வேறு இல்லை. பெல்ட்டும் பெட்டி போடுவதும் இரண்டுமே கணக்கிலிருந்து போய்விடும். பெரிய பெட்டி போட்டே தீர வேண்டும் என்றால் மருந்தும் ஒருநாள் உடையும் கையோடு இருக்கட்டும்.

முன்வரிசை இருக்கைக்குக் கொஞ்சம் பணம் கேட்பார்கள். வேறெந்தப் பயணத்திலும் அது வீண் செலவு என்பேன், இதில் மட்டும் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பணிப்பெண்ணிடம் அடுத்த விமானத்தின் நேரத்தைச் சொல்லி, முன்னால் காலி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிவதற்குள் கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள். தங்கும் இடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். போர்டிங் பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபையை நம்பாதீர்கள்.

இறங்கியதும்

வேகமாகப் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: விமானக் கதவிலிருந்து இமிகிரேஷன் வரை. உங்கள் விமானத்தில் வந்த முந்நூறு பேரும் அதே வரிசைக்குத்தான் போகிறார்கள். பக்கத்து கேட்டில் இன்னொரு பெரிய விமானம் வந்திருக்கும். இந்த நடையில் நீங்கள் முந்தும் ஒவ்வொரு குடும்பமும் வரிசையில் உங்களுக்குச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். போன் பேசுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அப்புறம்.

மண்டபத்துக்குள் போனதும் பலகையைப் படியுங்கள். இணைப்பு விமானப் பயணிகளுக்குத் தனி வரிசை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. சில அமெரிக்க விமான நிலையங்களில் விமான நிறுவன ஊழியர்கள் ஆரஞ்சு நிற எக்ஸ்பிரஸ் அட்டை கொடுப்பார்கள், அதைக் காட்டினால் குறுக்கு வழியில் விடுவார்கள். அவர்களாக வந்து கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், கேளுங்கள். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் விவரங்களை முன்பே அனுப்பிவிட மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்ற இலவச ஆப்பைப் பயன்படுத்தலாம். அடிக்கடி போய்வரும் இந்தியக் குடிமக்கள், முன்பே சோதித்து அங்கீகரித்தவர்களைச் சீக்கிரம் விடும் குளோபல் என்ட்ரி திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

தனி வரிசை இல்லையென்றால் வரிசையை ஒழுங்குபடுத்தும் ஊழியரிடம் பேசுங்கள். எப்படிப் பேசுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. "லேட்டாகிவிட்டது" என்று சொல்பவர் அங்கே நூறு பேர். "என் விமானம் 5.10க்கு, கதவு 4.55க்கு மூடும்" என்று போர்டிங் பாஸைக் கையில் பிடித்துச் சொல்பவர் ஒருவரோ இருவரோ. நேரத்தைச் சொன்னால் அவரால் முடிவெடுக்க முடியும். அவர் மறுத்தால் முன்னால் நிற்பவர்களிடமே கேளுங்கள், யாருக்கு முன்னால் போய் நிற்கிறீர்களோ அவரும் அவருக்குப் பின்னால் நிற்கும் இருவரும் சம்மதித்தால் போதும். நான் பார்த்தவரை மக்கள் விட்டுக்கொடுக்கத்தான் செய்கிறார்கள், கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அதிகாரியிடம் கேட்டதற்கு மட்டும் பதில். குடும்பமாகப் போனால் எல்லாப் பாஸ்போர்ட்டும் ஒருவர் கையில். கூடுதல் விசாரணைக்கு உள் அறைக்கு அனுப்பினால் விமான நேரத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு அமைதியாகப் போங்கள், வாதாடினால் நேரம் கூடும்.

பெல்ட்டில் பெட்டி இல்லையென்றால் பதற வேண்டாம். நீங்கள் வரிசையில் நின்ற நேரத்தில் ஊழியர்கள் அதை இறக்கித் தரையில் அடுக்கியிருப்பார்கள், அங்கே முதலில் பாருங்கள். பெட்டி கைக்கு வந்ததும் வாசனைத் திரவியம், வரிவிலக்குக் கடையில் வாங்கிய பாட்டில் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளுங்கள். அடுத்த செக்யூரிட்டியில் 100 மில்லி விதி மறுபடி வரும், பாட்டில் குப்பைக்குப் போகலாம். பெட்டியின் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

சுங்கம் தாண்டிய உடனே, பொதுமக்கள் நிற்கும் கூடத்துக்குப் போகும் முன்பு, இணைப்புப் பெட்டிகளுக்கான பெல்ட் ஒன்று இருக்கும். அங்கே போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அதைக் கவனிக்காமல் வெளியே போனவர்கள் செக்-இன் கவுன்டரில் முதலிலிருந்து வரிசை நிற்பார்கள்.

பிறகு திரையைப் பாருங்கள். காலையில் அச்சடித்த போர்டிங் பாஸில் இருக்கும் கேட் மாறியிருக்கலாம். ஜே.எஃப்.கேயில் டெர்மினல்களுக்கு இடையே ஏர்டிரெய்ன், பாரிஸ் சார்ல் த கோலில் சி.டி.ஜி.வால் ரயில், இரண்டும் இலவசம்.

வயதான அப்பா அம்மா தனியாகப் போகிறார்கள் என்றால் சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். தள்ளிப் போகிறவருக்கு வழியும் வரிசையும் தெரியும், பெட்டியையும் எடுத்துக் கொடுப்பார். ஆனால் இறங்கியதும் நாற்காலிக்காகக் காத்திருக்க நேரிடலாம், அதனால் இவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்கள்.

தவறிவிட்டால்

கதவு மூடும் நேரம் தாண்டிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் கேட் வரை போய்ப் பார்க்காதீர்கள். உங்களோடு வந்த வேறு சிலரும் அதே விமானத்தைத் தவறவிட்டிருப்பார்கள், அடுத்ததில் இருக்கும் இடங்கள் அவர்களுக்குப் போய்விடும். நிறுவனத்தின் ஆப்பைத் திறந்தால் பல சமயம் புது விமானம் தானாகவே போடப்பட்டிருக்கும். பிடிக்கவில்லையென்றால் வேறு என்ன விமானம் இருக்கிறது என்று நீங்களே தேடி, எண்ணோடு கவுன்டரில் கேளுங்கள். "ஏதாவது பார்த்துப் போடுங்கள்" என்பவருக்கு, நானாக இருந்தாலும், கணினி காட்டும் முதல் வரியைத்தான் கொடுத்திருப்பேன். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானத்தின் தாமதத்தால் மாற்றுவதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பியிருந்தாலோ, அங்குள்ள நிறுவனத்தின் விமானத்தில் அங்கே வந்திருந்தாலோ, கடைசி ஊரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்க உரிமை உண்டு. தவிர்க்க முடியாத அசாதாரணக் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தால் கிடைக்காது. பழைய போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புது போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து வைத்த பெட்டி எண்ணைக் காட்டி, அதையும் புது விமானத்துக்கு மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். நீங்கள் தவறவிட்ட விமானத்தைப் பெட்டி பிடித்திருக்கக்கூடும். அப்படியானால் கடைசி ஊரில் பெல்ட் முன்னால் நிற்க வேண்டாம், நேராக அந்த நிறுவனத்தின் பெட்டி அலுவலகத்துக்குப் போங்கள். முன்னமே வந்த பெட்டிகளை அங்கேதான் பூட்டி வைத்திருப்பார்கள்.